பொயிலர் இல்லை, நீர்மூழ்கி

தலவாக்கலை,
ஜூன் 17, செவ்வாய்க்கிழமை.

அன்பும் மதிப்பும் நிறைந்த மைத்துனர் அழகுமுத்து அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் முத்துலிங்கம் எழுதிக்கொள்வது. இங்கே நானும், உங்கள் அக்கா அம்மாக்கண்ணுவும், உங்கள் மருமகள் லோஜினியும் முருகன் துணையால் சுகமே இருக்கிறோம். கொழும்பில் நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் வெயிலில் வாடாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று கும்பிடுகிறேன். இங்கே நாலு நாளாக மழை விட்டபாடில்லை. உங்கள் அக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, பேச்சு குறையவில்லை.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீங்கள் "சரி மச்சான், வைக்கவா" என்பீர்கள். இது அப்படி வைக்கக்கூடிய விஷயம் இல்லை. அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ஜெயித்துவிட்டேன். மகள் லோஜினியின் கல்யாணம் ஆவணியில் உறுதி. எப்படி ஜெயித்தேன் என்பதை மட்டும் பொறுமையாக வாசியுங்கள்.

டவுனில் ஸ்டூடியோ வைத்திருக்கும் மக்பூல் நானாவை உங்களுக்குத் தெரியும். போன வருஷம் அவருடைய லெமினேட்டிங் மெஷின் மக்கர் பண்ணியபோது நான்தான் கழற்றிப் பூட்டிக் கொடுத்தேன். முப்பத்தாறு வருஷம் தேயிலை பெக்டரியில் மெஷின் பிட்டராக இருந்தவனுக்கு அதெல்லாம் ஒரு வேலையா? அவரோ சும்மா விடவில்லை. எங்கேயோ ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது கட்டோடு வாங்கி வைத்திருந்த படங்களை என் முன்னால் பரப்பி, ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். குதிரையோடு துரை, நாயோடு துரை, துப்பாக்கியோடு துரை என்று போய்க்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு படம். கரையில் ஏற்றி வைத்த ஒரு நீளமான இரும்பு மீன், அதன் முதுகில் ஒரு வட்ட ஓட்டை, அந்த ஓட்டையிலிருந்து இடுப்பளவு வெளியே வந்து நிற்கிறார் வட்டத் தொப்பி போட்ட ஒரு மீசைக்காரர். கண்ணாடிச் சட்டத்தோடு வாங்கி வந்து முன்னறையில் மாட்டினேன். அடுத்த வெள்ளிக்கிழமை பார்த்தால் கண்ணாடி மேல், அந்தத் தொப்பிக்காரரின் நெற்றிக்கு நேராக, குங்குமப் பொட்டு. "அவன் வெள்ளைக்காரன், நம்ம சாதிசனம் இல்லை" என்று உங்கள் அக்காவிடம் சொன்னேன். "யாரா இருந்தா என்னங்க, செத்தவங்கதானே" என்று சொல்லிவிட்டுச் சூடமும் காட்டினாள்.

இப்படி இருக்கும்போதுதான் மே மாதம் நாலாம் திகதி ஹட்டனிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வினோஜன் காப்புறுதிக் கம்பெனியில் வேலை, அடக்கமான பிள்ளை. அவனுடைய அப்பா வீரையா, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். அவரை அடக்கமானவர் என்று யாரும் சொன்னதில்லை. வந்தவர் குடையை மடக்கி மூலையில் சாய்த்தார், கதிரையில் உட்கார்ந்தார், கேசரியில் இரண்டு கரண்டி சாப்பிட்டார், சுவரைப் பார்த்தார், பொட்டு வைத்த படத்தைப் பார்த்தார், "உங்க பாட்டனாருங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே வெற்றிலை மாற்றியிருக்கலாம். எனக்குப் பொய் வராதே. அது ஒரு நீர்மூழ்கிக் கப்பல் என்றேன். அவர் எழுந்து கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, இது பழைய தேயிலை பெக்டரியில் நீராவிக்கு வைத்திருந்த பொயிலர், மேலே நிற்பவர் தோட்டத்துத் துரை என்றார்.

மச்சான், வேறு என்ன சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன். வாலில் விசிறி இருக்கிற பொயிலரை நான் பார்த்ததில்லை, அடுப்புக் கதவு இல்லாத பொயிலரையும் பார்த்ததில்லை. அதைத்தான் சொன்னேன், மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னார்: "இந்தப் படம் எடுத்த காலத்துல நம்ம ரோட்டுல மோட்டார் காரே கிடையாதுங்க. ரோட்டுல ஓட வண்டி இல்லாதவன் தண்ணிக்குள்ள ஓட வண்டி செய்வானா? முப்பத்தொரு வருஷம் சரித்திரம் படிப்பிச்சவன் நான்."

"முப்பத்தாறு வருஷம் பொயிலரோட குடித்தனம் நடத்துனவன் நான்" என்றேன்.

அதோடு போச்சு. ஒரு படத்தைப் பற்றி இவ்வளவு துணிந்து கதை விடுகிறவர்கள் சாதகத்தில் என்னென்ன எழுதி வைத்திருக்கிறார்களோ என்று தன் மனைவியைப் பார்த்துச் சொன்னார். குடையை எடுத்தார். பாதித் தேத்தண்ணி கோப்பையிலேயே ஆறிக் கிடந்தது. தேயிலைக்காரன் வீட்டில் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போவது எப்படிப்பட்ட அடி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வினோஜன் வாசலில் நின்று லோஜினியைப் பார்த்த பார்வையும், அவள் தலையைக் குனிந்த விதமும் எனக்கு நெஞ்சில் குத்தின. உங்கள் அக்கா இரண்டு கிழமை என்னோடு பேசவில்லை. சோறு வரும், சொல் வராது. அந்தத் தொப்பிக்காரருக்குப் பொட்டு மட்டும் தவறாமல் விழுந்தது.

ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் எதற்கு மன்னிப்பு? பொயிலர் என்று ஒப்புக்கொண்டால், இத்தனை வருஷம் நான் அதற்குள் கையை விட்டு என்ன செய்தேன் என்று பெக்டரியில் கேட்கமாட்டார்களா?

லோஜினி கெட்டிக்காரி. போனில் தேடி, இதே மாதிரி நாலைந்து பழைய படங்களைக் கண்டுபிடித்து வினோஜனுக்கு அனுப்பினாள், அவன் அப்பாவிடம் காட்டினான். அதிபர் என்ன சொன்னார் தெரியுமா? இந்தக் காலத்தில் போனில் வருகிற படமெல்லாம் கம்பியூட்டர் தானாக வரைவது, போன கிழமை தனக்கு ஒரு சிறுத்தை கூடை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கிற படம் வந்தது, அதையும் நம்பட்டுமா என்று கேட்டாராம். அது நியாயமான கேள்விதான், நான் இல்லை என்று சொல்லவில்லை.

சரி, போன் வேண்டாம், புத்தகத்திலேயே காட்டுகிறேன் என்று ஹட்டன் நூலகத்துக்குப் புறப்பட்டேன். ரயிலில் பக்கத்து வீட்டு ராக்காயி அக்கா எதிரில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் விஷயத்தைச் சொல்லத் தொடங்கினேன். அவர் நன்றாகக் கேட்கிற மனுஷி, "தண்ணிக்குள்ள போயி என்னத்தங்க பாக்குறது?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அதற்குப் பதில் சொல்லி முடித்து வெளியே பார்க்கிறேன், றொசல்ல ஸ்டேஷன். ஹட்டன் எப்போதோ போய்விட்டது. ஏன் அக்கா சொல்லவில்லை என்று கேட்டால், நானும் றொசல்லக்குத்தான் போகிறேன் என்று நினைத்தாராம், தம்பி பேச்சுத்துணைக்கு வருவது நல்லதாய்ப் போயிற்று என்றிருந்தாராம். மழையில் நின்று பஸ் பிடித்துத் திரும்பி ஹட்டன் போய்ச் சேரும்போது பன்னிரண்டு மணி.

ஆனால் மச்சான், அந்த நூலகத்தில் கிடைத்தது பாருங்கள். தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்று. மெஷின் புத்தகம் வாசித்து வாசித்து எனக்குத் தேவையான இங்கிலீஷ் இருக்கிறதே. மோட்டார் கார் வருவதற்கு முன்னால் நீர்மூழ்கி இருக்குமா என்று கேட்டார் அல்லவா? நானூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு ஒல்லாந்தர் மரத்தால் படகு செய்து, எண்ணெய் பூசிய தோலால் போர்த்தி, துடுப்புப் போட்டு லண்டன் ஆற்றுக்குள் ஓட்டியிருக்கிறார். அமெரிக்காக்காரர்கள் இங்கிலீஷ்காரர்களோடு சண்டை பிடித்த காலத்தில், ஓர் ஆள் மட்டும் உள்ளே உட்கார்ந்து கையால் சுற்றுகிற முட்டை மாதிரி ஒரு நீர்மூழ்கி, எதிரிக் கப்பலுக்கு அடியில் வெடி வைக்கப் போய், வைக்க முடியாமல் திரும்பி வந்திருக்கிறது. ரஷ்யாவில் ஒரு ஜெர்மன்காரர், ராசாவின் முடிசூட்டு விழா அன்றைக்கு பேண்ட் வாத்தியக்காரர்களை நீர்மூழ்கிக்குள் ஏற்றிக் கொண்டுபோய்க் கடலுக்கடியில் தேசிய கீதம் வாசிக்க வைத்தாராம். மேலே நின்றவர்களுக்குத் தண்ணீருக்குள்ளிருந்து பாட்டு வந்ததாக எழுதியிருக்கிறது. இங்கிலாந்தில் ஒரு பாதிரியார் நீராவியில் ஓடுகிற நீர்மூழ்கி கட்டியிருக்கிறார். கேட்டீர்களா மச்சான், நீராவி. நான் கதிரையை விட்டே எழுந்துவிட்டேன். நூலகப் பிள்ளை வந்து சத்தம் போடாமல் வாசிக்கச் சொன்னாள்.

எல்லாவற்றையும் ஆறு பக்கம் எழுதி வினோஜன் கையில் அதிபருக்குக் கொடுத்தனுப்பினேன். மூன்று நாளில் திரும்பி வந்தது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. 'மூழ்கி' என்பதில் 'ழ' வர வேண்டிய இடத்தில் 'ள' போட்டிருந்தேனாம், பதினேழு இடத்தில் வட்டம். கடைசியில் நூற்றுக்கு நாற்பத்திரண்டு. அடியில் 'கற்பனை வளம் நன்று, கையெழுத்தில் கவனம் தேவை' என்று ஒரு குறிப்பு. உங்கள் அக்கா அதை வாசித்துவிட்டுச் சிரித்தாள். சிரித்ததால் பேச்சும் திரும்பி வந்தது, அந்த மட்டில் லாபம்.

அடுத்தது செய்முறை. பால்மா டின் இரண்டைச் சேர்த்துப் பற்ற வைத்து, தகரத்தில் விசிறி வெட்டி, சைக்கிள் டியூப் ரப்பரை முறுக்கி உள்ளே பூட்டி, அடியில் ஈயக்கட்டி வைத்து ஒரு நீர்மூழ்கி செய்தேன். வீட்டுத் தொட்டியில் மூன்று தரம் மூழ்கி மூன்று தரம் எழும்பியது. ஜூன் முதலாம் திகதி அதிபரை வரவழைத்து, நம்ம நீர்த்தேக்கக் கரைக்குக் கூட்டிப்போய் விட்டேன். என்ன அழகாகப் போனது தெரியுமா, நேராக, சத்தமில்லாமல், ஒரு முழம் தூரம் போய் அப்படியே உள்ளே இறங்கியது. காத்திருந்தோம். அதிபர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம். காவலுக்கு நிற்கிற சிங்களத் தம்பி ஓடி வந்து தண்ணீரில் என்ன போட்டீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். நானும் சிங்களத்தில் உண்மையைச் சொன்னேன். அவர் சந்தேகமே படாமல் கொப்பியை எடுத்து, 'சப்மரின் 1, மூழ்கியது' என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். இலங்கையில் என்னை நம்பிய முதல் ஆள் அவர்தான்.

"பொயிலர் மாதிரியேதாங்க மூழ்குது" என்றார் அதிபர். அந்த இங்கிலாந்துப் பாதிரியார் தன்னுடைய கப்பலுக்கு 'மீண்டும் எழுவேன்' என்று அர்த்தம் வருகிற பேரை வைத்தார், அதுவும் மூழ்கி அடியிலேயே கிடக்கிறது என்று ஆறுதலுக்குச் சொல்லிப் பார்த்தேன். அதுவே எனக்கு வினையாகிவிட்டது. எல்லாம் மூழ்கின கதையாகவே இருக்கிறதே, எழும்பின கதை ஒன்றும் இல்லையா என்று கேட்டுவிட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தப் படத்தைச் சட்டத்திலிருந்து உங்கள் கண் முன்னாலேயே கழற்றுவோம் என்றேன். படத்துக்கு அடியில் ஏதாவது எழுதியிருக்கும், சட்டத்து அட்டை அதை மறைத்திருக்கும். பொயிலர் என்று இருந்தால் நான் ஹட்டனுக்கு நடந்தே வந்து உங்கள் வாசலில் மன்னிப்புக் கேட்கிறேன், நீர்மூழ்கி என்று இருந்தால் நீங்களே கல்யாணத் திகதி வைக்க வேண்டும் என்றேன். அவரும் கையை நீட்டினார். நீர்த்தேக்கத்துக் காவல்காரத் தம்பிதான் சாட்சி.

போன ஞாயிற்றுக்கிழமை, பதினைந்தாம் திகதி காலை, மக்பூல் நானாவின் ஸ்டூடியோவில் கூடினோம். அதிபர், வினோஜன், நான், லோஜினி, உங்கள் அக்கா. அடையாள அட்டைக்குப் படம் பிடிக்க வந்த ஏழெட்டுப் பேரும் தலைசீவிப் பவுடர் பூசிய முகத்தோடு அப்படியே நின்றுவிட்டார்கள். மக்பூல் நானா பிஸ்மி சொல்லி பிளேட்டால் பின்பக்கத் தாளைக் கிழித்து ஆணிகளைப் பிடுங்கினார். பின்னால் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. முன்பக்க அட்டையைத் தூக்கப் பார்த்தார், வரவில்லை. எத்தனை வருஷத்து ஈரமோ, அட்டையும் படமும் கண்ணாடியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. இழுத்தால் கிழியும். முடி காய வைக்கிற மெஷினால் சூடு காட்டலாம் என்று நானா அதைப் போட்டார், அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. அதிபர் கதிரையில் சாய்ந்து, போகட்டும் விடுங்கள் என்கிற மாதிரி கையை ஆட்டினார்.

அப்போதுதான் மச்சான், எனக்கு மூளை வேலை செய்தது. தேத்தண்ணிக்குக் கொதித்துக்கொண்டிருந்த கேத்தலை அடுப்போடு கொண்டுவரச் சொன்னேன். நீராவியோடு இத்தனை வருஷம் வாழ்ந்தவனுக்கு அது எங்கே போகும், எங்கே போகாது என்று தெரியாதா? கேத்தல் மூக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் சட்டத்தைச் சாய்த்துப் பிடித்தேன். நேராகப் படத்தில் படாமல், அட்டையின் ஓரத்தில் மட்டும் மெதுவாக, மூலைக்கு மூலை. லோஜினியின் முகத்தைப் பார்க்காமல் இருக்கத்தான் கஷ்டப்பட்டேன். கால் மணி நேரத்தில் அட்டை தானாக மேலே வளைந்தது. நானா இரண்டு விரலால் தூக்கினார். படத்துக்கு அடியில், இத்தனை காலம் அட்டை மூடி வைத்திருந்த வெள்ளைக் கரையில், ஒரு வரி அச்செழுத்து.

நான் வாசிக்கவில்லை. அதிபரே வாசிக்கட்டும் என்று விளக்கு மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய், எழுத்து எழுத்தாக வாசித்தார். ஹாலண்ட் நீர்மூழ்கிப் படகு, அமெரிக்கா, ஆயிரத்தெண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டு. ஒரு தரம் வாசித்தார், இன்னொரு தரம் வாசித்தார்.

"நீர்மூழ்கிதாங்க" என்றார்.

பவுடர் முகங்கள் எல்லாம் கை தட்டின. நானா என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். நான் பறந்துகொண்டிருந்தேன் மச்சான். ஆனால் திரும்பிப் பார்த்தால், அந்த மனுஷன் கதிரையில் உட்கார்ந்து, படத்தை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சையில் தவறின பிள்ளை மாதிரி தலையைக் குனிந்திருந்தார். எத்தனை பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொன்ன ஆள்.

லோஜினிதான் காப்பாற்றினாள். அந்த ஹாலண்ட் என்ற பேரைப் போனில் போட்டுத் தேடியவள், அவர் பக்கத்தில் போய் மெதுவாக வாசித்தாள். ஹாலண்ட் என்பது நாடு இல்லை, படகைக் கட்டியவரின் பேர், அவர் அயர்லாந்தில் பிறந்தவர், அங்கே வருஷக் கணக்காகப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர், அமெரிக்கா போன பிறகும் பள்ளிக்கூட வாத்தியார். அவர் முதன்முதலில் கொடுத்த வரைபடத்தை, இது நடக்காத காரியம் என்று கடற்படைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள், இருபத்தைந்து வருஷம் கழித்து அதே கடற்படை அவருடைய படகை வாங்கியது.

அதிபர் மெல்லத் தலையைத் தூக்கினார். "வாத்தியாரா?" என்றார். "இன்னொரு தரம் வாசிங்க மகள்."

மகள் என்றார், மச்சான். உங்கள் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். லோஜினி மறுபடி வாசித்தாள். போனில் வருவதெல்லாம் பொய் என்ற மனுஷன், அதைத் தன் போனுக்கும் அனுப்பச் சொன்னார். பிறகு படத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்த் தொப்பிக்காரரைப் பார்த்துவிட்டு, நிற்கிறவர் அவராகத்தான் இருக்க வேண்டும், பரீட்சை மண்டபத்தில் காப்பியடிக்கிறவனைப் பிடிக்கிற பார்வை இது, வாத்தியாரைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் பார்வை வராது என்று எல்லோருக்கும் விளக்கம் சொன்னார். கடையை விட்டு இறங்கும்போது, வாத்தியார் வேலை பார்த்தவனால்தான் இப்படி ஒன்றை யோசிக்க முடியும் என்று தனக்கு முதலிலேயே ஒரு எண்ணம் இருந்ததாகவும் சொன்னார். நான் மறுக்கவில்லை. ஜெயித்தவனுக்குப் பெருந்தன்மை வேண்டும்.

அங்கேயே, மக்பூல் நானாவின் கலண்டரிலேயே, ஆவணி பதினான்கு என்று திகதி வைத்தார். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி கேட்டு வாங்கி, மண்டி தெரியக் குடித்தார். படத்தில் ஒரு பிரதி அடித்து அவருக்குத் தருவதாக நானா ஒத்துக்கொண்டிருக்கிறார். அதை ஹட்டன் வீட்டில் முன்னறையில் மாட்டப் போகிறாராம். இனி நம் இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான பெரியவர் என்று உங்கள் அக்கா அந்தத் தொப்பிக்காரரைச் சொல்கிறாள்.

தாய்மாமன் இல்லாமல் இங்கே ஒன்றும் நடக்காது. ஒரு கிழமை முன்னாலேயே குடும்பத்தோடு வந்துவிடுங்கள், கம்பளி எடுத்துவர மறக்காதீர்கள். தங்கச்சிக்கு என் அன்பும் பிள்ளைகளுக்கு என் ஆசியும். கொழும்பில் யாராவது நீர்மூழ்கி நேற்று வந்த சாமான் என்று சொன்னால் என் விலாசத்தைக் கொடுங்கள்.

என்றும் உங்கள் நலம் நாடும் அத்தான்,
சி. முத்துலிங்கம்
(ஓய்வுபெற்ற பெக்டரி பிட்டர்)

பி.கு.: கடித உறை தேடி லோஜினியின் மேசை லாச்சியைத் திறந்தேன். உறைகளுக்கு அடியில் ஒரு விவாகப் பதிவுச் சான்றிதழ் இருந்தது. வினோஜனுக்கும் லோஜினிக்கும் சட்டப்படி பதிவு நடந்து இன்றோடு இருபத்திரண்டு நாள். அப்படியானால் நான் நீர்த்தேக்கக் கரையில் டின்னை விட்டுவிட்டு நின்றபோதே அந்த மனுஷன் என் சம்பந்திதான். சாட்சிகள் இரண்டு பேர். ஒரு கையெழுத்து மக்பூல் நானாவுடையது. மற்றது யாருடையது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் போனீர்களாமே. உங்கள் அக்காவிடம் கேட்டேன். "தெரியுங்க. நீங்களும் சம்பந்தியும் சண்டைய முடிச்சுக்கிட்டு வர்ற வரைக்கும் சொல்லாம இருந்தோம்" என்றாள், கறிக்கு உப்புப் பார்த்துக்கொண்டே. நல்லது. நான் தோற்றிருந்தாலும் கல்யாணம் கல்யாணம்தான், ஜெயித்தாலும் கல்யாணம் கல்யாணம்தான். சம்பந்திக்கு மட்டும் இது தெரியாது, நீங்களும் சொல்ல வேண்டாம். திகதி வைத்தது தான்தான் என்று ஹட்டன் முழுக்கச் சொல்லிக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறார். ஆவணியில் ஒன்றும் தெரியாத முகத்தோடு வந்து சேருங்கள். நானும் அதே முகத்தோடு வாசலில் நிற்பேன்.